பதினோராவது வாய்க்கால்

"இன்னும் ஒரு கல்லு கொண்டா. அடி தட்டையா இருக்கணும்" என்றார் கன்னையன், குழிக்குள்ளிருந்து தலை நிமிராமல்.

வயிற்றோடு அணைத்துக் கொண்டுவந்த கல்லைப் பாதையோரம் இறக்கி வைத்தாள் சந்திரவல்லி. சேலையில் ஈரமண் அப்பியிருந்தது. "இந்தா இருக்கு. மணி ரெண்டாகுது. சோறு ஆறிப்போச்சு, மேல ஏறுங்க."

"இதப் பதிச்சிட்டு வர்றேன்."

"சாப்ட்டு வந்து பதிங்க. கல்லு எங்கயும் ஓடிராது."

"ஓடிரக் கூடாதுன்னுதான புள்ள பதிக்கிறதே" என்று சிரித்தார். கடப்பாரையை மண்ணில் குத்தி நிறுத்திவிட்டு அவள் கையைப் பிடித்து மேலேறி வந்தார். முழங்கால் ஆழம் இருந்தது குழி. பாதையின் வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குச் சாய்வாக வெட்டி, கீழ்ப்பக்கம் கல் வரிசை வைத்திருந்தார். வரிசையில் ஒரே ஓர் இடம் பாக்கி.

போடிமெட்டைத் தாண்டி, தார் ரோட்டிலிருந்து அவர்களுடைய ஏலக்காட்டு ஷெட்டுக்கு ஏறுகிற பாதை அது. நடந்து ஏறினால் முந்நூறு தப்படி. அதே பாதை ஷெட்டைக் கடந்து தம்பி சின்ராசுவின் காட்டுக்கும் போகிறது. சின்ராசு டிராக்டர் வாங்கிய பிறகுதான் வினை பிடித்தது. மழை ஈரம் காயும் முன்பே சாணி லோடும் மருந்துத் தண்ணீர் டேங்கும் ஏற்றுவான். டயர் அழுந்திய தடம் இரண்டும் வாய்க்காலாக மாறும். அடுத்த மழையில் மலைத் தண்ணீர் முழுக்க அந்தத் தடத்தில் இறங்கி மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். போன வருஷம் காய் பறிக்க வரும் பாண்டியம்மாள் தடத்துக்குள் நின்றபோது பக்கத்து மண் அவள் இடுப்புவரை வந்தது.

கன்னையன் தடத்தில் மண் அள்ளிப் போடுகிற ஆள் இல்லை. "மண்ணப் போட்டா மண்ணுதான் போகும். தண்ணிய வெலக்கணும்" என்பார். நடுவில் முதுகுபோல நின்ற மேட்டை வெட்டிச் சரித்து, திமிசுக்கட்டையால் இடித்து, இருபத்தைந்து தப்படிக்கு ஒரு குறுக்கு வாய்க்கால் வெட்டினார். தண்ணீர் தடத்தில் வேகம் பிடிப்பதற்குள் ஒவ்வொரு வாய்க்காலும் அதை மடக்கி இடப்பக்க ஓடைக்குள் தள்ளிவிடும். ஆனால் வாய்க்காலின் கரை மேலே ஏறி இறங்கும்போது டிரெய்லர் தூக்கிப் போட்டது, மூட்டை சரிந்தது. சின்ராசு இரண்டு மழைக்காலமும் கரைகளை வெட்டிச் சமப்படுத்தினான். அண்ணன் திரும்ப வெட்டினார். பேச்சு நின்றது. இந்த ஆடியில், எவனும் பெயர்க்க முடியாதபடி ஒவ்வொன்றுக்கும் கல் பதித்துக்கொண்டு வந்தார். மேலிருந்து பத்து முடிந்திருந்தது. தார் ரோட்டுக்குச் சற்று மேலே, வளைவில், பதினோராவது திறந்து கிடந்தது.

"ஒன் கொழுந்தன் இனி இதுல கைய வைக்கணும்னா வெடிதான் வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அவளுக்கு முன்னால் ஏறினார்.

*

நாலாவது கவளத்தில் அவர் கை நின்றது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது." தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் காய்ச் சாக்கில் சாய்ந்தார். குளிரில் அவள் சேலையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். அவருக்கோ நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. இடது கையை அடிக்கடி உதறினார்.

செல்போனில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றால்தான் சிக்னல் கோடு காட்டும். ஓடினாள். மகள் சுகன்யா போடியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்த்தாள். அம்மா சொன்னதை முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"அம்மா, நல்லாக் கேளு. அப்பாவ ஒரு எட்டு நடக்க விடாத. புரியுதா? வண்டியப் பக்கத்துல கொண்டு வரச் சொல்லு. வெரசா. நான் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன்."

பிச்சைமணி தோட்ட ஆட்களை ஏற்றி இறக்கும் ஜீப்புக்காரர். மெட்டில் டீக்கடையில் இருந்தார். "இந்தா வர்றேன் தாயி" என்று வைத்துவிட்டார்.

பிறகு அவள் மேட்டைப் பார்த்து நின்றாள். மேலே மருந்தடிக்கிற மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக அந்தப் பெயரை அவள் வாய் சொன்னதில்லை.

"தம்பீ! சின்ராசுத் தம்பீ!"

மோட்டார் நின்றது. ஏலச்செடிகளை விலக்கிக்கொண்டு, குழாயைக்கூடப் போடாமல் கையில் பிடித்தபடி சின்ராசு இறங்கி வந்தான். ஷெட்டுக்குள் அண்ணனைப் பார்த்ததும் குழாய் கீழே விழுந்தது.

"டிராக்டர்ல ஏத்துவோம் மதினி. டிரெய்லர்ல சாக்க விரிச்சு…"

"பத்து எடத்துல தூக்கிப் போடும். இவரு தாங்குவாரா?"

அவன் பாதையைத் திரும்பிப் பார்த்தான்.

"பிச்சைமணி அண்ணன் வந்துக்கிட்டு இருக்காரு. ஜீப்பு மெதுவா ஏறிரும். அந்தக் கடைசி வாய்க்காலுதான் தெறந்து கெடக்கு. அத மூடணும். வாங்க."

"நான் நடந்தே எறங்கிருவேன் புள்ள" என்றார் கன்னையன். குரல் சன்னமாக இருந்தது.

"அசையக் கூடாதுன்னு சுகன்யா சொல்லிருக்கா. பேசாமப் படுங்க. ஏ பாண்டியம்மா, தலையப் பிடிச்சுக்க." மூலையில் சாத்தியிருந்த மம்பட்டி இரண்டையும் எடுத்தாள்.

அவர் மம்பட்டியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவனிடம் பேசினார்.

"அள்ளிப் போட்டா நிக்காதுடா. நாலு வெரக்கடை மண்ணு போடணும், மிதிக்கணும். மறுபடி போடணும், மிதிக்கணும்."

"சரிண்ணே" என்றான் சின்ராசு.

*

மூன்று மணிக்கு ஜீப் கீழே ஹாரன் அடித்தது. அதற்குள் பாதிதான் மூடியிருந்தார்கள்.

அவர் காலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் பதித்த கல் வரிசையைச் சின்ராசு கடப்பாரையால் நெம்பி உள்ளே தள்ளினான். சந்திரவல்லி மண்ணை வெட்டி இழுத்தாள். மம்பட்டிக்கு வராத இடத்தில் குனிந்து கையால் வாரிப் போட்டாள். மிதிக்க நேரம் இல்லை. மேலாக நாலு மிதி மிதித்தான். தூறல் விழுந்துகொண்டிருந்தது, மண் புட்டுமாவுபோலக் கிடந்தது.

"போதும் மதினி. ஏறிரும்."

"ஏறுமா?"

"ஏறும் ஏறும். அண்ணே, ஏத்துங்க!"

ஜீப் உறுமிக்கொண்டு வந்தது. பிச்சைமணி ஒரு பக்கச் சக்கரத்தைத் தடங்களுக்கு நடுவிலும், மறுபக்கத்தை ஓரத்திலும் வைத்து லாகவமாக ஏற்றினார். முன்சக்கரம் இரண்டும் மூடிய இடத்தைத் தாண்டின. சந்திரவல்லி மூச்சுவிட்டாள். பின்சக்கரம் ஏறியதும் மண் உள்ளே போனது. சத்தமில்லாமல், சோற்றுக்குள் கை போவதுபோல, அச்சு வரைக்கும் போனது.

"தட்டை வெட்டிப் போடுடா!" என்று பிச்சைமணி கத்தினார்.

சின்ராசு ஓரத்திலிருந்த ஏலச்செடியின் தட்டைகளை வீச்சுவீச்சாக வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் திணித்தான். பச்சைத் தட்டை. டயர் சுழன்றது, நாரும் சாறும் அவள் முகத்தில் தெறித்தன. காட்டம் மூக்கில் ஏறியது. கல் வைத்தார்கள். கல் வழுக்கியது. சாக்கு போட்டார்கள். சாக்கைக் கிழித்துத் துப்பியது. பலகை எடுக்க ஓடிய சின்ராசு மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். பலகை முறிந்தது.

"இன்னும் ஒரு தடவ அண்ணே. ஒரே ஒரு தடவ."

எத்தனை தடவை என்று அவளுக்குத் தெரியவில்லை. பாண்டியம்மாள் மேலிருந்து ஏதோ கூப்பிட்டாள். என்னவென்று கேட்கவில்லை. இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

பிச்சைமணி சாவியைத் திருகி இன்ஜினை நிறுத்தினார்.

மஞ்சு மூட்டம் லேசாக விலகியிருந்தது. மேலே ஷெட்டின் தகரக் கூரை தெரிந்தது. வாசலில் பாண்டியம்மாள் நிற்பது தெரிந்தது. அவள் சேலைக் கரையின் நிறம்கூடத் தெரிந்தது.

"தாயி" என்றார் பிச்சைமணி. ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி கூரையையே பார்த்தார். "நாம நாலு பேரு இருக்கமே. தார்ப்பாயில வச்சுத் தூக்கிட்டு…"

முடிக்கவில்லை. சின்ராசுவின் கையிலிருந்து பலகைத் துண்டு விழுந்தது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மேலே ஓடினார்கள்.

காய் உலர்த்துகிற தார்ப்பாயின் நாலு முனையையும் முறுக்கிப் பிடித்துத் தூக்கினார்கள். சின்ராசுவும் பிச்சைமணியும் தலைப்பக்கம், பெண்கள் இருவரும் கால்பக்கம். கன்னையன் கண் திறந்திருந்தது. ஒவ்வொரு வாய்க்கால் கரையிலும் கால் வைத்து இறங்கினார்கள். கல் ஒன்றுகூட ஆடவில்லை. படிக்கட்டு மாதிரி இருந்தது.

கீழே வந்தபோது பிச்சைமணி அனிச்சையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சந்திரவல்லியும் பார்த்துவிட்டாள். அவர்கள் மேலே ஓடியபோது மூன்றே முக்கால். இப்போது நாலாக எட்டு நிமிஷம் இருந்தது.

அவரை ஓரத்தில் கிடத்திவிட்டு முன்னால் நின்று தள்ள, ஜீப் பின்பக்கமாக ஒரே உந்தலில் வெளியே வந்தது.

*

மெட்டிலிருந்து போடிக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. பின் இருக்கையில் அவர் தலை அவள் மடியில் இருந்தது. சின்ராசு கீழே குந்தி உட்கார்ந்து காலைப் பிடித்திருந்தான். ஒவ்வொரு வளைவிலும் "அண்ணே… அண்ணே" என்றான். "உம்" என்று ஒரு சத்தம் வந்தது. இறங்க இறங்க குளிர் விட்டது. வெயில் ஜீப்புக்குள் ஏறியது.

எட்டாவது வளைவின் பலகையைக் கடந்தபோது அவள் விரல்களுக்குள் இருந்த கை கனத்தது.

அவள் கையை விடவில்லை. ஏழாவது வளைவில் சின்ராசு "அண்ணே" என்று கூப்பிட்டான். 'உம்' வரவில்லை. ஆறாவது வளைவில் அவன் கூப்பிடவில்லை. பிச்சைமணி கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, அதே வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி வாசலில் சுகன்யா வெள்ளைக் கோட்டோடு நிற்பது தெரிந்தது.

*

மறுநாள் காலை சொந்த ஊரான சிலமலையில் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கொட்டு ஒரு பக்கம், ஒப்பாரி ஒரு பக்கம். ஊரிலே மழையின் வாடையே இல்லை. கால் வைத்தால் புழுதி பறந்தது.

கொள்ளிச் சட்டியைச் சின்ராசுவின் கையில் கொடுக்கப் போனபோது குருவம்மாள் எழுந்தாள். அண்ணன் தம்பி இருவருக்கும் மூத்தவள், தேவாரத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

"அவன் கையில கொடுக்காதீக! அவன் டிராக்டரு உழுது போட்ட பாதையிலதான வண்டி ஏறாம என் தம்பி செத்தான்? ரெண்டு வருசமா மொகத்தப் பாக்காதவன் இன்னைக்கு நெருப்பு வைக்க வந்துட்டானோ?"

கொட்டு நின்றது.

"அக்கா" என்றார் யாரோ பெரியவர்.

"என்ன அக்கா? ஊரே பேசுது. மெட்டு டீக்கடையில கேட்டுட்டு வந்து சொல்றாக, ஜீப்பு பாதையில பொதஞ்சு கெடந்துச்சாம். ஏன் பொதஞ்சுச்சு? சொல்லுடா. யாரு போட்ட குழியில பொதஞ்சுச்சு? வாயில என்ன கொழுக்கட்டையா?"

சின்ராசு தலை குனிந்து நின்றான். மொட்டையடித்த தலையில் தண்ணீர் இன்னும் காயவில்லை. 'மதினிதான் மூடச் சொன்னாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தக் குழி அண்ணன் வெட்டியது என்று சொன்னால்கூடப் போதும். அவன் சொல்லவில்லை. சொல்லாமலே நிற்கப் போகிறான் என்று சந்திரவல்லிக்குத் தெரிந்தது. அவள் சும்மா இருந்தால் அது அவன் தலையிலேயே இருந்துவிடும், சாகும்வரை இருக்கும்.

பக்கத்தில் சுகன்யா திரும்பினாள். அழுது வீங்கிய கண்.

"அம்மா. வண்டி அப்பாகிட்ட வந்துச்சா, வரலயா?"

மகள் சொன்ன சொல் அம்மாவின் காதில் அப்படியே இருந்தது. வண்டியப் பக்கத்துல கொண்டு வரச் சொல்லு. வண்டி வரவில்லை என்று சொன்னால், காத்திருக்கச் சொன்னது நான்தானே என்று இந்தப் பிள்ளை காலமெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு இருக்கும்.

"வந்துச்சு" என்றாள் சந்திரவல்லி.

"எங்க வந்துச்சு?" என்றாள் குருவம்மாள்.

"ஷெட்டு வாசலுக்கே வந்துச்சு. எறங்கையிலதான் ஒரு நிமிசம் சக்கரம் அழுந்துச்சு. தம்பிதான் தள்ளி விட்டாரு." பந்தலுக்கு வெளியே துண்டைக் கையில் பிடித்து நின்ற ஆளைப் பார்த்தாள். "பிச்சைமணி அண்ணன் இந்தா நிக்கிறாரு, கேளுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். பிச்சைமணி துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"ஆமா" என்றார். "வாசலுக்கே போனேன்."

குருவம்மாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து தம்பி பெயரைச் சொல்லி அழத் தொடங்கினாள். கொட்டு மறுபடி கிளம்பியது. சின்ராசு கொள்ளிச் சட்டியை வாங்கினான்.

சுகன்யா மட்டும் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நகத்துக்குள்ளும் மலையின் கறுத்த மண் இருந்தது. இரண்டு நகம் பாதியில் முறிந்திருந்தது. அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, முந்தானையால் மூடினாள். அதன் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை.

*

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சந்திரவல்லி மெட்டுக்கு ஏறினாள். காய் எடுப்புத் தவறினால் செடியிலேயே வெடித்துவிடும். பாண்டியம்மாள் ஏற்கெனவே வந்து கூடையோடு செடிக்குள் இருந்தாள். "வந்துட்டியா ஆத்தா" என்றாள். ஒரு கூடையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

மத்தியானம் மேலே டிராக்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது. சந்திரவல்லி செடிக்குள் குனிந்தபடியே காது கொடுத்தாள். மஞ்சு அடர்ந்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை. சத்தம் ஷெட்டுப் பக்கம் வந்து தேய்ந்தது. கியர் மாற்றினான். டிரெய்லர் ஒரு வாய்க்கால் கரையில் ஏறி, 'டொம்' என்று இறங்கியது. கொஞ்சம் நேரம். மறுபடி ஒரு 'டொம்'. ஒவ்வொன்றுக்கும் நின்று, ஏறி, இறங்கிப் போனான். அவள் கை காய் பறிப்பதை நிறுத்தியிருந்தது. பத்து கேட்டது.

பிறகு இன்ஜின் நின்றது. நெடுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் மம்பட்டி மண்ணில் இறங்குகிற சத்தம் வந்தது.

கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கீழே போனாள். வளைவில் டிராக்டர் நின்றிருந்தது. சின்ராசு பதினோராவது வாய்க்காலுக்குள் நின்று, அன்று மூடிய மண்ணை வெளியே எறிந்துகொண்டிருந்தான். நசுங்கிய தட்டை, சாக்குக் கிழிசல், முறிந்த பலகை எல்லாம் மண்ணோடு வந்தன. உள்ளே தள்ளிய கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கரையில் வைத்தான். அவள் வந்து நின்றதைப் பார்த்தும் நிமிரவில்லை.

"சாய்வு எவ்வளவுன்னு தெரியல மதினி."

அவள் அவன் கையிலிருந்து மம்பட்டியை வாங்கினாள். கன்னையன் செய்வதுபோல, காம்பைத் தரையில் குறுக்கே படுக்கப் போட்டு, இடது நுனிக்கு அடியில் மூன்று விரலை வைத்துக் காட்டினாள்.

"இந்த எடம் இருக்கணும். கூடுனா அரிக்கும். கொறைஞ்சா தண்ணி நிக்கும்."

"ம்."

அவன் வெட்டினான். அவள் கல்லை உருட்டிக் கொடுத்தாள். அவன் வைத்து, சுற்றிலும் நாலு விரல் கனத்துக்கு மண் போட்டு, மிதித்தான். மறுபடி போட்டான், மறுபடி மிதித்தான். ஒரு கல்லுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான்.  நடுவில் ஒருமுறை, "சுகன்யா சாப்பிடுதா?" என்றான். "சாப்பிடுறா" என்றாள்.

வரிசையில் ஒரே ஓர் இடம் பாக்கி நின்றது. உள்ளேயிருந்து எடுத்த கல் தீர்ந்துவிட்டது. சின்ராசு இடுப்பில் கை வைத்துச் சுற்றிலும் பார்த்தான். பாதையோரம், அன்று கன்னையன் கேட்டு அவள் கொண்டுவந்து இறக்கி வைத்த இடத்திலேயே அந்தக் கல் இருந்தது. தட்டையான பக்கம் கீழே. அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் நகரவில்லை. அவனும் போய் எடுக்கவில்லை. அந்த ஓர் இடத்தை அப்படியே விட்டுவிட்டு மம்பட்டியைக் கழுவப் போனான்.

மழை பிடித்தது. சற்று மேலே, பத்தாவது வாய்க்காலில், தடத்தில் வந்த தண்ணீர் கல்லில் முட்டி, இடப்பக்கமாகத் திரும்பி ஓடைக்குள் போய்க்கொண்டிருந்தது.